செம்பு

தலவாக்கலையில் கடல் விற்பதில்லை.
கொழும்பிலிருந்து பக்கெட்டில் வரும் உப்பை
ஞாயிறுதோறும் நானே கரைக்கிறேன்.
வடிகட்டிய தண்ணீர் இருபது லீட்டர்,
ஹீட்டர், ஒரு சின்ன மோட்டர்.
ஓரிரவு சுழலவிட்டால்
விடியும்போது ஒரு வாளிக் கடல்.

மருந்துக்கடைக்காரி நான்.
பத்து மில்லிகிராமுக்கும் நூறுக்கும் நடுவே
ஓர் உயிர் நிற்பதை அறிந்த கை.
கல்சியம், மக்னீசியம், காரத்தன்மை
எல்லாவற்றையும் கடன் கொப்பியின் பின்பக்கத்தில்
தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.
உப்பு ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து.
சூடு இருபத்தாறு.
யன்னலுக்கு வெளியே பதினாலு.

கடற்சாமந்தி, நீர்கொழும்பில்
ஒருவர் தொட்டியில் இரண்டாய்ப் பிரிந்ததில் ஒரு பாதி.
பஸ்ஸில் என் மடியில்
பிளாஸ்டிக் பைக்குள் சுருண்டு வந்தது.
முதல் வாரம் இடம் பிடிக்காமல்
தொட்டி முழுக்க நடந்தது.
மோட்டர் வாய்க்கு ஸ்பொஞ்ச் கட்டிவிட்டுத்
தூங்காமல் இருந்தேன்.
பிறகொரு நாள் தானாய்
ஒரு கல் இடுக்கில் கால் ஊன்றியது.
வாடகைக்கு வீடு தேடி அலைந்தவளுக்கு
அது விளங்கும்.

கீழே அணைக்கட்டு. மின்சாரம் பிறக்கிற ஊர்.
ஆனாலும் கரண்ட் போகும்.
போனால் சுடுதண்ணீர்ப் போத்தலை மிதக்கவிட்டு
ஒரு கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றுவேன்,
தண்ணீருக்கு மூச்சு வர.

ஆனியில் மூன்று நாள் பயிற்சிக்குக் கண்டி போனேன்.
சாவி, பக்கத்து வீட்டுச் சில்வெஸ்டரிடம்.
மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி,
வேறொன்றும் தொடவேண்டாம்.

திரும்பி வந்தபோது
சாமந்தி தன்னையே விழுங்கியதுபோல் கிடந்தது.
விரல்கள் சுருங்கி, வாய் பிளந்து,
கசக்கிப் போட்ட கைலேஞ்சி.
பச்சைப் பவளம் ஓரத்திலிருந்து உரிந்தது.
"அந்தப் பச்சைக் கல்லு சரிஞ்சு கெடந்துச்சு,
நான்தான் நிமித்தி வச்சேன்" என்றார் சில்வெஸ்டர்,
பெருமையாக.

நைத்திரேற்று பார்த்தேன். சரி.
அமோனியா இல்லை. உப்பு சரி, சூடு சரி.
கொப்பியில் எல்லாம் சரி.

இரவு, தகரத்தில் மழை விழ,
யன்னலால் பார்த்தேன்.
அவர் வாசல் கொடியில்
மருந்தடிக்கப் போடும் நீளக்கைச் சட்டை.
கொழுந்தில் கொப்புளம் வரும் மாதம்,
மலை முழுக்கச் செம்பு மருந்து.
கைமுட்டி வரை நீலம் பாரித்த துணி.

செம்பு.
தேயிலையைக் காப்பது.
கோயிலில் தீர்த்தம் ஏந்துவது.
முதுகெலும்பில்லாத உயிருக்கு
ஒரு சட்டைக் கை நனைந்தால் போதும்.

கரித்தூள் பை தொங்கவிட்டேன்.
நாளுக்கொரு வாளிக் கடல் மாற்றினேன்.
எடுத்த பழைய தண்ணீரை
அவர் லீக்ஸ் பாத்தியில் படாமல்
ஒற்றையடிப் பாதையோரம் ஊற்றினேன்.
இந்தப் பக்கம் அட்டையே இல்லையென்று
கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள்
என்னை வாழ்த்திப் போனார்கள்.

ஒவ்வோர் அந்தியும் படியில் நின்று கேட்பார்,
"பூ விரிஞ்சிருச்சா?"
"குளிர்தான் அண்ணே" என்றேன் ஒருநாள்.
மறுநாள் உருளைக்கிழங்குச் சாக்கு இரண்டைத்
துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து
தொட்டியின் மூன்று பக்கமும் கட்டினார்.
என் பொய்க்கு அவ்வளவு வேலை.

பச்சைப் பவளம் போய்விட்டது.
வெள்ளை எலும்பை இன்னும் எடுக்கவில்லை.
சாமந்தி, இருபத்துமூன்றாம் நாள்,
பாதியாய்ச் சிறுத்து, நிறம் வெளிறி,
நுனிகள் ஒவ்வொன்றாய் ஊதத் தொடங்கியது.
ஊசிக் குழாயால்
அரைத்த இறால் ஒரு துளி நீட்டினேன்.
ஒட்டியது. விடவில்லை.

சில்வெஸ்டரைக் கூப்பிட்டேன்.
குளித்து, தலை வாரி,
அரைக்கைச் சட்டையில் வந்து நின்றார்,
கண்ணாடிக்கு இரண்டடி தள்ளியே.
இன்னும் கிட்ட வாங்க என்றேன்.
வந்தார்.
கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்
ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.